தலைநகரில் குடியிருப்பு: வாடகை, பள்ளி, பயணம்

மத்திய அரசுப் பணியில் உள்ள ஒருவருக்குச் சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ தில்லிக்கு மாற்றல் ஆணை வருமாயின், அக்குடும்பம் முதலில் முடிவு செய்ய வேண்டியது எங்கே குடியிருப்பது என்பதாகும். அலுவலகம் எங்கே என்பதை ஆணையே கூறிவிடுகிறது. எஞ்சியவை மூன்று. வாடகை எவ்வளவு, குழந்தைகளின் பள்ளி எது, நாள்தோறும் பயணம் எத்தனை நேரம்? இம்மூன்றையும் ஒரே தராசில் இட்டு நிறுத்துப் பார்க்கலாம் என்று பொதுவாக எண்ணப்படுகிறது. நடைமுறையில் இவை ஒரே தன்மையன அல்ல. வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் பதினொரு மாதத்துக்கு எழுதப்படுவது. பிடிக்காவிடில் வீட்டை மாற்றிக்கொள்ளலாம். பயணத்தைச் சில காலம் பொறுத்துக்கொள்ளலாம். பள்ளியையோ ஆண்டுக்கு ஒருமுறைதான், அதுவும் இடம் இருந்தால்தான் மாற்ற இயலும். எனவே எளிதில் மாற்ற முடியாததை முதலில் தீர்மானித்து, ஏனையவற்றை அதற்கு இசைய அமைத்துக்கொள்வதே முறை. பெரும்பாலான குடும்பங்கள் இதற்கு நேர்மாறாக வாடகையில் தொடங்குகின்றன. அதற்குக் காரணம் அறியாமை அன்று; மூன்றனுள் வாடகை ஒன்றே முன்கூட்டி எண்ணில் தெரிவது.

வாடகையும் தூரமும்

நகரப் பொருளியலில் இதற்கு ஓர் எளிய விளக்கம் உண்டு. வேலை நகரின் மையத்தில் இருக்கிறது. மையத்திலிருந்து விலகுந்தோறும் நிலத்தின் விலையும் வாடகையும் குறைகின்றன, பயணச் செலவு கூடுகிறது. வாடகையில் மிஞ்சுவதும் பயணத்தில் இழப்பதும் ஈடாகும் இடத்தில் குடும்பம் அமர்கிறது. வான் தூனன் என்ற ஜெர்மானியப் பண்ணையாளர் 1826இல் பயிர் நிலங்களைப் பற்றிக் கூறியதை, வில்லியம் அலான்சோ 1964இல் வெளியிட்ட தம் நூலில் நகருக்குப் பொருத்திக் காட்டினார். மாணவர்கள் அறிந்திருக்க வேண்டிய கோட்பாடே இது. ஆயினும் இதன் அடிப்படை வடிவத்தில் குடும்பத்தில் ஒருவர் மட்டுமே வேலைக்குச் செல்கிறார். கணவர் மத்தியச் செயலகப் பகுதியிலும் மனைவி நொய்டாவிலும் பணிபுரியும் இல்லத்துக்கு மையம் எது என்ற கேள்விக்கு இதில் விடை இல்லை. அதைவிடப் பெரிய குறை, இக்குடும்பத்தில் பள்ளி செல்லும் குழந்தையே இல்லை என்பது.

தில்லிக்கே உரிய வேறொரு சிக்கலும் உண்டு. இங்கு மையத்தின் நிலத்தில் பெரும்பகுதி சந்தைக்கு வருவதில்லை. 1911 டிசம்பரில் தலைநகர் மாற்றம் அறிவிக்கப்பட்டு, 1931 பிப்ரவரியில் புது தில்லி திறந்துவைக்கப்பட்டபோதே, அலுவலகங்களைச் சுற்றியுள்ள நிலம் அரசுக் குடியிருப்புகளுக்கென ஒதுக்கப்பட்டுவிட்டது. 1957ஆம் ஆண்டின் சட்டத்தின் வழி அமைந்த தில்லி வளர்ச்சிக் குழுமம், 1961இன் நிலக் கொள்கைப்படி வளரும் நகரின் வெளிப்புற நிலத்தைப் பெருமளவில் கையகப்படுத்தி, மனையாகவும் அடுக்ககமாகவும் விநியோகித்தது. 1958ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பழைய குடியிருப்பாளர்களின் வாடகையை உறைய வைத்தது; மாதம் 3,500 ரூபாய்க்கு மேற்பட்ட வாடகைகள் 1988இல் அதிலிருந்து விலக்கப்பட்டன. ஆகவே தில்லியில் ஒருவர் எங்கே குடியிருக்கிறார் என்பதைச் சந்தை தீர்மானித்ததைக் காட்டிலும், அவருக்கு எந்த ஒதுக்கீடு எப்போது கிடைத்தது என்பதே கூடுதலாகத் தீர்மானித்திருக்கிறது.

பள்ளியைத் தொடர்ந்த குடியிருப்பு

இதைத் தமிழ்க் குடும்பங்களின் வரலாற்றிலேயே காணலாம். அந்நாளைய அரசு கோடையில் சிம்லாவிலும் குளிர்காலத்தில் தில்லியிலும் இயங்கிய 1920களில், தென்னாட்டு ஊழியர்களின் குழந்தைகளுக்கெனத் தொடங்கப்பட்ட கல்வி முயற்சியே பின்னர் தில்லித் தமிழ்க் கல்விக் கழகமாக வளர்ந்தது. அரசு உதவி பெற்று நடந்துவரும் அதன் ஏழு பள்ளிகளின் பெயர்களை வரிசையாகச் சொன்னால், தலைநகரில் தமிழர் குடியேறிய வரலாறே கிடைக்கும்: மந்திர் மார்க், லோதி எஸ்டேட், லட்சுமிபாய் நகர், மோதி பாக், இராமகிருஷ்ணபுரம், பூசா சாலை, ஜனக்புரி. முதல் ஐந்தும் அரசுக் குடியிருப்புகளின் நடுவிலோ அருகிலோ அமைந்தவை. கோல் மார்க்கெட் பகுதியின் எழுத்தர் குடியிருப்பிலிருந்து செயலகம் மிதிவண்டித் தொலைவு. மந்திர் மார்க் பள்ளியோ நடைத் தொலைவு. பூசா சாலைப் பள்ளி, வாடகை வீட்டில் வாழ்ந்தோர் திரண்டிருந்த கரோல் பாக் பகுதிக்கு உரியது. ஜனக்புரி, ஓய்வு பெறும் முன் சொந்த வீடு தேடிய தலைமுறையின் அடையாளம்.

அலுவலகம், வீடு, பள்ளி ஆகிய மூன்றையும் சிறு வட்டத்துக்குள் வைத்த ஏற்பாடு அது. அதை எவரும் திட்டக் கோட்பாடாக எழுதி வைத்ததாகக் கொள்ள வேண்டியதில்லை. ஊழியர் இருந்த இடத்துக்குப் பள்ளி வந்தது, அவ்வளவே. ஆனால் நகரம் அவ்வட்டத்துக்குள் நிற்கவில்லை. 1941இல் 9.18 இலட்சமாக இருந்த தில்லியின் மக்கள்தொகை, பிரிவினைக்குப் பின் 1951இல் 17.44 இலட்சமாயிற்று, 2011இல் 1.68 கோடியை எட்டியது. கூட்டுறவு வீட்டு வசதிச் சங்கங்கள் பட்பர்கஞ்சிலும் துவாரகாவிலும் எழுந்தன. மயூர் விகாரில் தமிழர்களும் மலையாளிகளும் பெருந்தொகையாகக் குடியேறினர். மேற்கூறிய ஏழு பள்ளிகளோ யமுனையின் மேற்குப் பக்கத்திலேயே அமைந்தவை. யமுனைக்கு அப்பால் குடியேறிய தமிழ்க் குடும்பம், தமிழையும் வாடகையையும் எதிரெதிர்த் தட்டுகளில் வைக்க வேண்டியதாயிற்று.

படிகளும் கணக்கும்

ஏழாவது ஊதியக் குழுவின் பரிந்துரை மீதான ஆணைப்படி, தில்லி போன்ற முதல் வகை நகரங்களில் வீட்டு வாடகைப்படி 2017 ஜூலை முதல் அடிப்படை ஊதியத்தில் 24 விழுக்காடாக இருந்தது. அகவிலைப்படி 25 விழுக்காட்டைத் தொட்ட 2021 ஜூலையில் 27 ஆகவும், 50 விழுக்காட்டைத் தொட்ட 2024 ஜனவரியில் 30 ஆகவும் உயர்ந்தது. ஏழாம் ஊதிய நிலையின் தொடக்க ஊதியமான 44,900 ரூபாய் பெறுபவருக்கு இது 13,470 ரூபாய். அரசுக் குடியிருப்பு கிடைத்துவிட்டால் இப்படி நின்றுவிடும். சிறு தொகை உரிமக் கட்டணமும் பிடிக்கப்படும். அரசு வீடு இலவசம் என்ற எண்ணம் பிழையானது. அதன் உண்மையான வாடகை, ஊழியர் இழக்கும் படியேயாகும். கணவன், மனைவி இருவரும் அரசு ஊழியராய் ஒரே ஊரில் இருந்து, ஒருவருக்கு வீடு ஒதுக்கப்பட்டால் மற்றவரின் வாடகைப்படியும் நிற்கும். ஊதியம் ஏறஏற இழப்பும் ஏறுகிறது. வீடு அதே அளவினதாகவே இருக்கிறது. மூத்த ஊழியர் சிலர் முறை வந்தும் வீட்டை மறுப்பதற்கு இதுவே காரணம்.

இனி, முறை வரும் வரை வெளியே வாடகைக்கு இருக்கும் அதே ஊழியரை எடுத்துக்கொள்வோம். அலுவலகத்துக்கு அரை மணித் தொலைவில் ஒரு வீட்டுக்கு 25,000 ரூபாயும், ஒன்றரை மணித் தொலைவில் அதே அளவு வீட்டுக்கு 16,000 ரூபாயும் வாடகை என்று கொள்வோம். மிச்சம் 9,000 ரூபாய். வாடகைப்படிக்கு மேல் கையிலிருந்து போடும் தொகை 11,530 ரூபாயிலிருந்து 2,530 ரூபாயாகக் குறைகிறது. மறுக்கத் தோன்றாத வேறுபாடுதான். ஆனால் போக ஒரு மணி, வர ஒரு மணி என நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் கூடுகிறது. 1985 முதல் மத்திய அரசு அலுவலகங்களுக்கு வாரத்தில் ஐந்து நாள் வேலை என்பதால், மாதம் 22 நாள் எனக் கொண்டால் 44 மணி நேரம். அந்நேரத்தை அவர் மணிக்கு ஏறத்தாழ 205 ரூபாய் வீதம் விற்கிறார். 50 விழுக்காடு அகவிலைப்படியுடன் அவருடைய ஊதியமான 67,350 ரூபாயை மாதத்தின் 187 அலுவலக மணிகளால் வகுத்தால் மணிக்கு 360 ரூபாய் வருகிறது. அலுவலகம் தரும் விலையைவிடக் குறைந்த விலைக்கு அவருடைய ஓய்வு நேரம் கைமாறுகிறது. மையத்துக்கு அருகிலுள்ள பள்ளியில் ஒரு குழந்தை சேர்ந்துவிட்டு, அதுவும் இதே தூரம் பயணம் செய்ய நேர்ந்தால் 9,000 ரூபாய்க்கு 88 மணி நேரம், அதாவது மணிக்கு 102 ரூபாய். கூடுதல் பயணக் கட்டணத்தையும் பள்ளிப் பேருந்துக் கட்டணத்தையும் கழித்தால் இத்தொகை இன்னும் சுருங்கும்.

இக்கணக்கைக் காட்டி எல்லோரும் உயர்ந்த வாடகையில் குடியேற வேண்டும் என்று கூறுவதற்கில்லை. 9,000 ரூபாய் கையில் இல்லாதவருக்கு மணிக்கணக்கு உதவாது. முடிவெடுக்கும் முன் இதைத் தாளில் எழுதிப் பார்த்தல் வேண்டும் என்பதே கருத்து.

கல்வியாண்டின் இடர்

தமிழ்நாட்டில் பள்ளிகள் ஜூனில் திறக்கின்றன. தில்லியில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கி, மே நடுவில் கோடை விடுமுறை விட்டு, ஜூலையில் தொடர்கிறது. தமிழ்நாட்டில் ஆண்டுத் தேர்வை முடித்துக்கொண்டு மே இறுதியில் தில்லிக்கு வரும் குழந்தை, ஜூலையில் வகுப்புக்குள் நுழையும்போது ஆறு வாரப் பாடம் நடந்து முடிந்திருக்கும். இந்தி அறியாத குழந்தைக்கு ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான காலம் மிகக் கடினமானது. பெற்றோர் அஞ்சுவது பெரும்பாலும் பத்தாம் வகுப்பையே. எட்டாம் வகுப்பில் வந்து சேரும் குழந்தையின் நிலைமை குறைவாகவே பேசப்படுகிறது.

மாற்றலுக்கு உட்பட்ட ஊழியர்களுக்காக 1963இல் தொடங்கப்பட்ட கேந்திரிய வித்யாலயா அமைப்பு, நாடெங்கும் ஒரே பாடத்திட்டமும் ஒரே கால அட்டவணையும் கொண்டிருப்பதால் இவ்விடரைப் பெருமளவு நீக்குகிறது. தமிழ்நாட்டிலேயே அவ்வமைப்பில் படித்த குழந்தைக்கு மாற்றல் எளிது. தனியார் பள்ளிகளின் நிலை வேறு. அங்கு மழலையர் வகுப்புச் சேர்க்கையில் வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையிலான தூரம் நீண்ட காலமாக வழக்குக்குரிய பொருளாக இருந்துவருகிறது. 2013 டிசம்பரில் வந்த நெறிமுறைகளின்படி, 8 கிலோமீட்டருக்குள் வசிப்போருக்கு நூற்றுக்கு 70 புள்ளிகள் அளிக்கப்பட்டன. வெளி மாநிலத்திலிருந்து மாற்றலாகி வந்தோருக்கென வகுத்திருந்த 5 புள்ளிகள் 2014 பிப்ரவரியில் நீக்கப்பட்டன. அவ்வாண்டு நவம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் அந்நெறிமுறைகளையே செல்லாதனவாக்கியது. அதன்பின் பள்ளிகள் தாமே அளவுகோல் வகுத்தபோதும், பெரும்பாலானவற்றில் தூரமே தலையிடம் பெற்றது. 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் நலிந்த பிரிவினருக்கான 25 விழுக்காட்டு இடங்களிலும் அருகில் வசிப்போருக்கே முன்னுரிமை. ஆகவே தில்லியில் வாடகை ஒப்பந்தம் என்பது குடியிருக்கும் உரிமையோடு பள்ளியில் சேரும் தகுதியையும் தரும் ஆவணம்.

பிற நாடுகளில் இத்தொடர்பு இன்னும் இறுக்கமானது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பள்ளி எல்லைக்கோட்டின் இரு பக்கத்து வீடுகளை ஒப்பிட்டு சாண்ட்ரா பிளாக் 1999இல் வெளியிட்ட ஆய்வு, தேர்வு மதிப்பெண்ணில் 5 விழுக்காடு உயர்வுக்காகப் பெற்றோர் வீட்டு விலையில் 2.5 விழுக்காடு கூடுதலாகத் தந்ததைக் காட்டியது. அங்கு எல்லைக்கோடு வரைபடத்தில் உள்ளது. வீடு தேடுபவர் முன்கூட்டியே அறியலாம். தில்லியிலோ பள்ளிக்குப் பள்ளி, ஆண்டுக்கு ஆண்டு புள்ளி முறை மாறக்கூடும். தொலைவிலிருந்து மாற்றலாகி வருபவரே இதை அறிய வாய்ப்புக் குறைந்தவர்.

குழந்தைகளின் கல்விக்கென ஊழியர் பெறும் படி, 2024 ஜனவரி முதல் குழந்தை ஒன்றுக்கு மாதம் 2,812.50 ரூபாய், விடுதிக்கு 8,437.50 ரூபாய். இறுதித் தேர்வு வகுப்புகளில் உள்ள குழந்தையை ஊரிலேயே விடுதியிலோ உறவினரிடமோ விட்டு வருவோர் பலர். அதையும் ஒரு வழியாகவே கொள்ள வேண்டும்; ஆயின் அதன் செலவு எந்தப் படியிலும் முழுமையாக அடங்குவதில்லை.

இருப்புப்பாதை செய்த மாற்றம்

2002 டிசம்பரில் ஷாதராவுக்கும் தீஸ் ஹசாரிக்கும் இடையே முதல் மெட்ரோ ஓடியது. 2005இல் மத்தியச் செயலகமும் துவாரகாவும் இணைந்தன. 2009இல் நொய்டா, 2010இல் குர்காவ்ம் (இன்றைய குருகிராம்) சேர்ந்தன. இதனால் தூரம் என்ற சொல்லின் பொருள் கிலோமீட்டரிலிருந்து நிமிடத்துக்கு மாறிற்று. மெட்ரோ நிலையத்துக்கு நடந்து செல்லக்கூடிய துவாரகா வீடு, நிலையம் அருகில் இல்லாத தென்தில்லி வீட்டைவிட அலுவலகத்துக்கு அணிமையானதாகலாம். ஆனால் முதல் பாதைகள் பெரும்பாலும் மையத்தை நோக்கியே ஓடின. அவை அலுவலகம் செல்வோருக்கு உதவிய அளவு பள்ளி செல்வோருக்கு உதவவில்லை. நகரைச் சுற்றி வரும் இளஞ்சிவப்புப் பாதையே அக்குறையை ஓரளவு போக்கியது. 2018 முதல் பகுதி பகுதியாகத் திறக்கப்பட்ட அப்பாதை, திரிலோக்புரியில் நிலமும் மறுகுடியமர்வும் தொடர்பான சிக்கலால் நெடுநாள் துண்டுபட்டுக் கிடந்து, 2021 ஆகஸ்டில் இணைந்தது. மயூர் விகாரிலிருந்து லட்சுமிபாய் நகர்ப் பள்ளியை அடுத்துள்ள ஐ.என்.ஏ. பகுதிக்கு நகர மையத்தைத் தொடாமலே செல்ல வழி பிறந்தது அப்பாதையால்தான்.

வீடு தேர்பவர் கருதாத மற்றொன்று, அலுவலகமே இடம் பெயரலாம் என்பது. சரோஜினி நகர், நௌரோஜி நகர், நேதாஜி நகர் உள்ளிட்ட ஏழு அரசுக் குடியிருப்புகளை இடித்துக் கட்டும் திட்டத்துக்கு 2016 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அங்கிருந்த ஊழியர் குடும்பங்கள் வேறிடம் செல்ல நேர்ந்தது. 2025 ஆகஸ்டில் முதல் கர்த்தவ்ய பவன் திறக்கப்பட்டு, அமைச்சகங்கள் இடம் மாறத் தொடங்கின. அலுவலகத்தை ஒட்டி எடுத்த வீடு இரண்டாண்டில் தொலைவாகலாம். பள்ளிக் கட்டடம் அவ்வாறு எளிதில் நகர்வதில்லை.

தேர்வு இல்லாத குடிபெயர்வு

இதுவரை கூறியவை தேர்ந்தெடுக்க இயன்றவர்களைப் பற்றியவை. அதே மூன்று கேள்விகளுக்கும் பிறர் விடையளித்துவிடும் குடும்பங்கள் தில்லியில் ஏராளம். 1975 முதல் 1977 வரை குடிசைகள் அகற்றப்பட்டு, நகரின் அன்றைய விளிம்புகளில் 25 சதுர கஜ மனைகளில் மக்கள் அமர்த்தப்பட்டனர். 2004இல் யமுனைக் கரையின் புஷ்டா பகுதியிலிருந்து அகற்றப்பட்டோரில் பலர் பவானாவுக்கு அனுப்பப்பட்டனர். அண்மைய நிகழ்ச்சி தமிழர்களைப் பற்றியதே. ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலின் கரையில் பல பத்தாண்டுகளாக இருந்த மதராசி முகாம், மழைநீர் ஓட்டத்துக்குத் தடையாக இருந்தது என்ற அடிப்படையில் உயர் நீதிமன்ற ஆணையின்படி 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. சற்றேறக்குறைய 370 வீடுகளுள் பாதியைச் சற்றே கடந்த எண்ணிக்கையினரே மாற்று வீட்டுக்குத் தகுதி பெற்றனர். அவர்களுக்கு ஒதுக்கப்பட்டவை நகரின் வட எல்லையில் உள்ள நரேலாவின் அடுக்ககங்கள்.

வீடு என்ற அளவில் அது முன்னேற்றமே. குடிசைக்குப் பதில் உறுதியான கூரையும் உரிமையும் கிடைத்தன. வடிகாலை மறித்த குடியிருப்பு அப்படியே இருக்கலாம் என்றும் வாதிட முடியாது. ஆனால் முகாமின் பெண்களில் பலர் ஜங்புராவிலும் சுற்றியுள்ள பகுதிகளிலும் வீட்டு வேலை செய்தவர்கள்; காலையில் இரண்டு வீடு, மாலையில் இரண்டு வீடு என நடந்து செல்லும் தொலைவில் அமைந்த வேலை அது. குழந்தைகளில் பலர் அருகிலிருந்த லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் படித்தவர்கள். நரேலாவிலிருந்து அப்பகுதி ஏறத்தாழ 40 கிலோமீட்டர். மேலே கண்ட ஊழியருக்கு வாடகையில் மிச்சம், பயணத்தில் இழப்பு என ஒரு பேரமாவது இருந்தது. வீட்டு வேலை செய்பவருக்கு நான்கு மணி நேரப் பயணத்துக்கும் நான்கு வீட்டு வேலைக்கும் ஒரே நாளில் இடம் இல்லை. அவர் இழப்பது நேரத்தை அன்று, வேலையையே.

தில்லியின் 2015ஆம் ஆண்டு மறுகுடியமர்வுக் கொள்கை, மாற்று வீடு இயன்றவரை பழைய இடத்திலேயே அல்லது 5 கிலோமீட்டருக்குள் அமைய வேண்டும் என்றே கூறுகிறது. அக்கொள்கையை வகுத்தவர்கள் வேலைக்கும் இருப்பிடத்துக்கும் உள்ள தொடர்பை அறிந்திருந்தனர். விலக்கே வழக்கமாவதற்குக் காரணம், கட்டி முடித்துக் காலியாக இருந்த வீடுகள் வெளி விளிம்பில் இருந்தமையே. இடிப்பு நாளும் கவனிக்கத்தக்கது. கல்வியாண்டு தொடங்கி இரண்டு மாதம் கழிந்து, கோடை விடுமுறையின் நடுவில் அது வந்தது. மறுகுடியமர்வு ஆணைகளில் வீட்டின் பரப்பு, செலுத்த வேண்டிய தொகை, தகுதிக்குரிய நாள் ஆகியன துல்லியமாக இடம் பெறுவதுபோல, புதிய இடத்தின் பள்ளிகளில் எந்த வகுப்பில் எத்தனை இடம் உள்ளது, தமிழ் கற்பிக்க ஆசிரியர் உண்டா, முதல் பேருந்து எத்தனை மணிக்கு என்பனவும் இடம் பெறுதல் வேண்டும். இவற்றைத் திரட்ட ஒரு புதிய சட்டம் தேவையில்லை. குடிசை மேம்பாட்டு வாரியம், கல்வி இயக்ககம், போக்குவரத்துத் துறை ஆகிய மூன்றும் ஒரே கோப்பில் குறிப்பெழுதினால் போதும்.

ரிதாலாவிலிருந்து நரேலா வழியாக அரியானாவின் குண்ட்லி வரை செல்லும் மெட்ரோ பாதைக்கு மத்திய அமைச்சரவை 2024 டிசம்பரில் ஒப்புதல் அளித்துள்ளது; நான்கு ஆண்டுகளில் முடிப்பது இலக்கு. குறித்த காலத்தில் அது முடிவடையுமாயின், மதராசி முகாமிலிருந்து ஆறாம் வகுப்பு மாணவராய் நரேலாவுக்குச் சென்ற குழந்தை அப்போது ஒன்பதாம் வகுப்பின் பிற்பகுதியில் இருக்கும்.